நெல்லைப் பக்கம் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு என்னென்ன உதவித்தொகை, வேலை, பொதுப்பணி வாய்ப்புகள் இருக்கின்றன?

கேள்வி: ஆலங்குளம் பக்கத்து ஊர். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு. அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கட்டட வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வேலைக்கு எப்போதிருந்து தயாராக வேண்டும், என்.எஸ்.எஸ். மாதிரி எதிலாவது சேர்ந்தால் பயன் உண்டா?

பதில்:

முதலில் அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று பீடி சுற்றாத தெருவே குறைவாக இருக்கும் நம் பக்கத்தில்கூட, இந்த உதவித்தொகை பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்துக் கல்லூரியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தரும் இந்த உதவி பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய். அம்மா அந்தத் தொழிலில் குறைந்தது 6 மாதம் இருந்திருக்க வேண்டும். மாத வருமானம் 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளமான என்.எஸ்.பி. வழியேதான். அட்டையில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். இலை, தூள் வாங்கும் கடையில் கேட்டால் அட்டை விவரம் கிடைக்கும். அட்டையே இல்லை என்றால் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருந்தகத்தில் விசாரியுங்கள்.

அதே தளத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிளஸ் டூவில் மாநில வாரியத்தின் 80-வது சதமானத்துக்கு மேல், அதாவது நூறு பேரில் முதல் 20 பேருக்குள் வந்தவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுநிலைக்கு 20,000 ரூபாய். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குத்தான் புதிதாகக் கிடைக்கும், பாதி பெண்களுக்கு. எனவே 80-வது சதமானம் என்பது வாசல்படிதான். உள்ளே போக அதைவிட நல்ல மதிப்பெண் தேவைப்படும். புதுப்பிக்க ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். இதை வாங்குகிறவர் வேறு உதவித்தொகை வாங்கக்கூடாது. பிளஸ் டூ மதிப்பெண் மிக உயரத்தில் இருந்தால் இதற்குப் போங்கள். சுமார் என்றால் பீடித் தொழிலாளர் உதவித்தொகையே உறுதியானது.

மாநில அரசின் மாதம் 1,000 ரூபாய் தனிக் கணக்கு. பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன். வேறு உதவித்தொகை வாங்கினாலும் மாநில அரசு இதைத் தரும். மேலே சொன்ன மத்தியத் துறை உதவித்தொகை வாங்குகிறவர்கள் மட்டும் கல்லூரியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்தி. இதற்கு நீங்கள் தனியாக எங்கும் அலைய வேண்டாம், கல்லூரியின் பொறுப்பு அலுவலர் மாநில அரசின் கல்லூரி மாணவர் விவரத் தளமான யூமிஸில் உங்களை ஏற்ற வேண்டும். பள்ளியில் உங்களுக்கு இருந்த மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண் அதோடு சரியாக இணைய வேண்டும். இடையில் பள்ளி மாறியவர்களுக்கு இந்த இணைப்பில்தான் சிக்கல் வரும். படித்த எல்லாப் பள்ளிகளிலிருந்தும் எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்த மொழிவழி என்று சான்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்று பிறகு இன்னொரு பெரிய காரியத்துக்கும் பயன்படும், கீழே சொல்கிறேன்.

சாதிவாரி உதவித்தொகைகளும் யூமிஸ் வழியேதான். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. எல்லாருக்கும் வருமான வரம்பு 2.5 லட்சம். நீங்கள் வசிப்பது தென்காசி மாவட்டம், கல்லூரி இருப்பது நெல்லை மாவட்டம். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டும் சொந்த ஊர் வட்டத்தில் வாங்க வேண்டும், உதவித்தொகைக் கோப்பு கல்லூரி இருக்கும் மாவட்டத்து அலுவலகத்துக்குப் போகும். இது தெரியாமல் தென்காசிக்கும் நெல்லை ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்துக்கும் பஸ் ஏறி அலைய வேண்டாம்.

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கானது. பி.எஸ்சி.க்கு அதை நம்பியிருக்காதீர்கள். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கான உதவியை அவர் பெயரில் கேட்கலாம். 5 ஆண்டுக்கு ஒரு முறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான அட்டையோடு போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

இனி பணம் எங்கே தங்கிப்போகிறது என்று பார்ப்போம். விண்ணப்பம் சரியாக இருந்தும் பணம் வராததற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கான என்.பி.சி.ஐ. இணைப்பு வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே கணக்குதான் அப்படி இணைந்திருக்கும், கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அது. ஊரில் முகாம் போட்டார்கள் என்று தபால்காரரிடம் அஞ்சலக வங்கிக் கணக்கு தொடங்கி, அதில் ஆதாரை இணைத்திருந்தால், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நீங்களோ பழைய பாஸ்புக்கை வரவு போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆதார் தளத்தில் உள்நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று உடனே தெரியும். பள்ளியில் தொடங்கிய மைனர் கணக்காக இருந்தால் 18 வயதானதும் அடையாள ஆவணங்கள் (கே.ஒய்.சி.) கொடுத்து மாற்ற வேண்டும். 2 ஆண்டு வரவுசெலவு இல்லாமல் கிடந்த கணக்கு செயலிழந்திருக்கலாம், அதில் பணம் ஏறாமல் திரும்பிவிடவும் கூடும்.

அடுத்த தடை இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். கணினிக்கு அது இரண்டு ஆட்கள். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு. அதை அப்படியே விட்டுவிட்டு அதற்கேற்ப ஆதாரைத் திருத்துங்கள், பிறகு வங்கியை. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய், செல்லுபடி ஓர் ஆண்டு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். கல்லூரி திறந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் எல்லாரும் ஒரே மேசையில் வந்து குவிவார்கள்.

விண்ணப்பம் அனுப்பியதோடு நிறுத்தாதீர்கள். என்.எஸ்.பி.யில் கல்லூரி சரிபார்க்காத விண்ணப்பம் அங்கேயே கிடந்து செத்துப்போகும். 10 நாளுக்கு ஒரு முறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தால் கெடுவுக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்ப எண்ணை எழுதிக் கொண்டுபோய்ப் பணிவாகக் கேளுங்கள், ஒரே ஆள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கோப்பைப் பார்க்கிறார். அதற்கும் அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100-க்குப் பேசலாம், திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது, இப்போது யாரிடம் இருக்கிறது, அந்தக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். ஆவணத்தைக் கேட்டால் மழுப்ப முடியாது.

வேலை விஷயத்தில் இயற்பியல் மாணவருக்கு நம் மாவட்டத்தைப் போல வாய்த்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. கூடங்குளம் ஒரு பக்கம், மகேந்திரகிரி இஸ்ரோ உந்தும வளாகம் ஒரு பக்கம். அணுமின் கழகம் உதவித்தொகைப் பயிற்சியாளர்களை எடுக்கும்போது பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. இயற்பியல் அல்லது வேதியியல் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும், 60 சதவீதம் வேண்டும், வயது 25-க்குள். அந்த 60-ல்தான் பலர் விழுகிறார்கள். முதல் இரண்டு பருவத்தில் 48, 50 என்று எடுத்துவிட்டுக் கடைசி ஆண்டில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தால் சராசரி அசையாது. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய வேலைவாய்ப்புத் தயாரிப்பு இந்த முதல் பருவத்து மதிப்பெண்தான். அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சிக்கு மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் பட்டம் கிடைத்ததும் பதிந்துகொள்ளுங்கள். ஒரு முறை அப்ரண்டிஸ் முடித்தவர் அதே நிலையில் மறுபடி சேர முடியாது, எனவே கிடைத்த முதல் சிறு நிறுவனத்தில் அவசரப்பட்டுச் சேர்ந்து அந்த வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத 10-ம் வகுப்புத் தகுதி போதும், 18 வயதானால் படிக்கும்போதே எழுதலாம். 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் அறிவுக்கூர்மையும். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். மேலே சொன்ன பள்ளிச் சான்று இங்கேதான் உதவும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கப்படும் தகுதி வரை தமிழ்வழி என்று ஒவ்வொரு பள்ளியும் சான்று தர வேண்டும். உங்கள் பட்டப்படிப்பு ஆங்கிலவழியாக இருந்தாலும் குரூப் 4-க்கு 10 வரை தமிழ்வழி என்றால் அந்த முன்னுரிமை உண்டு. குரூப் 2-க்குக் கிடைக்காது. தொடக்கப் பள்ளியை மூடிவிட்டார்கள், தலைமையாசிரியர் மாறிவிட்டார் என்று பின்னால் அலைவதைவிட இந்த விடுமுறையிலேயே வாங்கிவிடுங்கள்.

புத்தகத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். குடிமைப்பணித் தேர்வில் மனம் இருந்தால் நான் முதல்வன் திட்டத்தில் ஒரு தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் முதன்மைத் தேர்வுக்கு 25,000. அதெல்லாம் பட்டம் முடியும் சமயத்தில்.

என்.எஸ்.எஸ். பற்றிக் கேட்டீர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், 2 ஆண்டில் 240, ஏழு நாள் முகாம் ஒன்று. சான்றிதழுக்குக் காவலர் தேர்வில் சிறப்பு மதிப்பெண் உண்டு. என்.சி.சி. 'சி' சான்றிதழ் இன்னும் கனமானது. பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் அந்தச் சான்றிதழில் 'பி' கிரேடும் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரித் தேர்வின் நேர்காணலுக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு போக முடியாது. உடல் இடம் கொடுத்தால் என்.சி.சி. என்பது என் கருத்து.

ஆனால் அறிவியல் மாணவருக்கு நான் மனதாரச் சொல்வது தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ மணிமுத்தாறில் வைத்திருக்கும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஜனவரி வாக்கில் நடத்துகிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி குளங்களைக் குழு குழுவாகப் பிரித்துக்கொண்டு விடியற்காலையில் எண்ணுவார்கள். பெயர் கொடுத்துப் பயிற்சிக்குப் போக வேண்டும். மஞ்சள்மூக்கு நாரையையும் அரிவாள் மூக்கனையும் தூரத்திலிருந்து பிரித்தறிய ஒரு நாளில் பழகிவிடலாம். கூட்டமாக நிற்கும் பறவைகளைப் பத்துப் பத்தாக மனதில் கட்டம் போட்டு மதிப்பிடுவதுதான் கஷ்டம். ஒரே கூட்டத்தை இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் எவ்வளவு பிசகுகிறோம் என்று தெரியும். அளவீட்டில் பிழை எப்படி வருகிறது என்பதை ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைவிட இது நன்றாகக் கற்றுக்கொடுக்கும். குளத்தில் கழிவு கலப்பதும், ஆக்கிரமிப்பும் கண்ணில் படும். அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

எழுதி வைத்ததைக் கொண்டுபோகும் இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். குளத்துப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டம் இல்லை. வாயால் சொன்னால் காற்றோடு போகும். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பாருங்கள். கிராம சபையில் உறுப்பினராக அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். 17 வயதிலேயே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எது உங்களுக்கு 18 நிறைந்தபின் முதலில் வருகிறதோ அதைக் கணக்கில் வைத்துப் பெயர் ஏறும். விடுதியில் தங்கியிருந்தாலும் பெயர் ஆலங்குளம் பக்கத்து உங்கள் ஊரிலேயே இருக்கட்டும்.