‘கதை எனக்கும் தெரியும்’

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசுகிறோம். போன தடவை புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. என் முறை வந்தபோது கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, ‘நல்ல பகடி’ என்று முடித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தாலும் இதே கதிதான். கோட்பாட்டு நூல்களைப் படித்துவிட்டு வர வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

கோட்பாடெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதே கதையை இன்னொரு தடவை படியுங்கள், கையில் பென்சிலோடு. அடுத்து என்ன ஆகும் என்ற பரபரப்பு இந்தத் தடவை இருக்காது. மற்றதெல்லாம் கண்ணில் படும்.

1943இல் கலைமகளில் வந்த கதை. கடவுள் சென்னைக்கு வருகிறார் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்லத் தொடங்குவோம். ஆனால் பக்கத்தைத் திறந்தால் முதலில் இருப்பவர் கந்தசாமிப் பிள்ளை. பிராட்வே முனையில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும். வெற்றிலை போட்டுக்கொண்டு மிச்ச தூரம் நடந்துவிடலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏய்த்து, சென்ட்ரல் தாண்டி டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி உண்டு, வெற்றிலை கிடையாது. இந்தக் காலணாப் பிரச்சினைக்கு நடுவில்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

நானும் முதல் இரண்டு தடவை சிரித்துவிட்டுத் தாண்டிப் போன இடம்தான் இது. அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பேசிக்கொண்டிருந்த கடவுளைக் காணோம். மேஜைமேல், பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கான ஜீவிய சந்தா (ஆயுள் சந்தா) 25 ரூபாய் கிடக்கிறது. பிள்ளை அதைக் கைலாசபுரம் பரமசிவம் பிள்ளை பேரில் வரவு பதிகிறார்! காலணாவில் ஆரம்பித்த கணக்கு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இதை வைத்தே கட்டுரை எழுதிவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். வரவு பதிந்த பிறகும் ஒரு வரி இருக்கிறது. தாத்தா ஊருக்குப் போயாச்சா என்று கேட்டுக்கொண்டே கந்தசாமிப் பிள்ளையின் குழந்தை உள்ளே வருகிறாள். அவளுக்குக் கடவுள் சந்தாதாரர் இல்லை, கூட விளையாடிய தாத்தா. கதையை யார் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார் புதுமைப்பித்தன்? ‘பகடி’ என்ற சொல் அந்த வரிக்குப் போதுமா? எனக்குப் போதவில்லை. உங்களுக்குப் போதுமென்றால் ஏன் என்று எழுதுங்கள், அதுதான் உங்கள் கட்டுரை.

என் முதல் விமர்சனத்தை ஒரு சிற்றிதழ் ஆசிரியர் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் பென்சிலால் ‘கதை எனக்கும் தெரியும்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. ‘பாத்திரப் படைப்பு அருமை’ என்று வந்துவிட்டால் அந்த அருமை எந்த வரியில் இருக்கிறது என்று தேடுவேன். அகப்படாவிட்டால் அடித்துவிடுவேன்.

இன்னொன்று. நீங்கள் அரைப் பக்கமாவது எழுதி முடிக்கும்வரை அந்தக் கதையைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிக்காதீர்கள். இந்தக் கதையில் நானே அதைக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள். அடுத்த மாதத்துக்கு வேறு கதை எடுத்துக்கொள்ளுங்கள். எது என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.