செவ்ரான் கோட்பாடு நீங்கியபின் நிறுவன வழக்கறிஞர்களின் பணி எவ்வாறு மாறுகிறது?

அமெரிக்காவில் செவ்ரான் கோட்பாடு கைவிடப்பட்டதால் நிறுவனங்களுக்கு என்ன மாற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1984 முதல், சட்டத்தின் வாசகம் தெளிவற்றிருந்தால், அதைச் செயல்படுத்தும் அரசு முகமையின் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன; இதுவே செவ்ரான் கோட்பாடு. 2024 ஜூன் 28 அன்று லோப்பர் பிரைட் வழக்கில், சட்டத்துக்குப் பொருள் காண்பது நீதிபதிகளின் பொறுப்பே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகமையின் கருத்து இனி கவனத்துக்குரியது, ஆனால் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே, "முகமை இப்படிச் சொல்கிறது, இதைப் பின்பற்றுங்கள்" என்று முன்பு ஆலோசனை கூறிய வழக்கறிஞர், அந்த விதி மூலச் சட்டத்தின் சொற்களில் நிற்குமா, எந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை எப்படிப் படிக்கும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கூர்மையானது, என் பார்வையில், அதற்கு மூன்று நாள் கழித்து வந்த கார்னர் போஸ்ட் தீர்ப்பு. அதன்படி, முகமையின் விதியை எதிர்த்து வழக்குத் தொடுப்பதற்கான ஆறு ஆண்டுக் கெடு, விதி வெளியான நாளிலிருந்து அன்றி, மனுதாரர் பாதிக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்கும். 2011-இல் வெளியான டெபிட் கார்டு கட்டண விதியை, 2018-இல் திறக்கப்பட்ட கடை ஒன்று எதிர்க்க முடிந்தது அப்படித்தான்.

இதை நிறுவனங்களின் வெற்றி என்று மட்டும் கொண்டாடுவது அவசரம். ஒரு விதியை நம்பிப் பெருமுதலீடு செய்த நிறுவனத்துக்கு, போட்டியாளர் தொடுக்கும் வழக்கில் அதே விதி விழுந்தால் நட்டமே. செவ்ரானை நம்பி வழங்கப்பட்ட பழைய தீர்ப்புகள் அதனாலேயே ரத்தாகிவிடுவதும் இல்லை.