'மொகுமொகு' என்பது மழலையா?

கேள்வி: சோற்றை மெல்வதற்கு 'மொகுமொகு', வாயைத் திறந்து திறந்து மூடித் தின்பதற்கு 'பக்குபக்கு' என்று ஜப்பானியர்கள் சொல்கிறார்களாமே! வளர்ந்த மனிதர்கள் பேசுகிற பேச்சா இது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டு முறுக்கு மொறுமொறு என்று இருக்கிறதா, நமுத்துவிட்டதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த 'மொறுமொறு'வை மழலை என்று யாரும் சொல்வதில்லை. தொல்காப்பியர் அதற்கு இரட்டைக்கிளவி என்று பெயர் வைத்து, பிரித்தால் பொருள் தராது என்று விதியும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

கேள்வியில் கால்வாசி நியாயம் உண்டு. குழந்தைக்குச் சோறூட்டிப் பழக்கும் மாதங்களுக்கே அங்கே இப்படித்தான் பெயர். 5, 6 மாதம் 'கொக்குன்' காலம்: விழுங்கப் பழகுவது. 7, 8 'மொகுமொகு': நாக்கால் நசுக்குவது. 9 முதல் 11 வரை 'கமிகமி': ஈறால் கடிப்பது. அப்புறம் ஒன்றரை வயது வரை 'பக்குபக்கு'. ஆனால் பிள்ளை வளர்ந்தபிறகும் இந்தச் சொற்கள் வாயை விட்டுப் போவதில்லை. 1980-இல் வந்த 'பேக்மேன்' வீடியோ கேமில் புள்ளிகளை விழுங்கிக்கொண்டே ஓடும் அந்த மஞ்சள் வட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்தப் 'பக்குபக்கு'தான்.

பெரியவர்களுக்கு இது அளவுகோல். உணவின் பதத்தைச் சொல்ல ஜப்பானிய மொழியில் 445 சொற்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இந்த வகை. மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா 'சக்குசக்கு' என்று இருக்க வேண்டும். எண்ணெய் குடித்து ஊறிப்போனால் 'பெச்சபெச்ச'. சமையல்காரர் காதில் அது விழக் கூடாது. கடையில் விற்கும் ஒனிகிரி சோற்று உருண்டையைப் பாருங்கள். சோற்றின் ஈரம் படாமல் இருக்க, மேலே சுற்றும் கடல்பாசித் தாளைத் தனி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார்கள். 1, 2, 3 என்று போட்டிருக்கும் வரிசையில் உறையைக் கிழித்து இழுத்தால், பாசி அப்போதுதான் வந்து சோற்றில் ஒட்டும். இத்தனை பாடும் கடிக்கும்போது 'பரிபரி' கேட்பதற்காக.

எனக்குப் பிடித்தது 'நெபநெப'. நம் கொழகொழ. வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்க நாம் மோரை விடுகிறோம், புளியை விடுகிறோம், வாணலியில் வைத்து வாட்டுகிறோம். அவர்களோ அதே வெண்டைக்காயோடு நூல் நூலாக இழுக்கும் நாத்தோ என்ற புளித்த சோயா அவரையையும் துருவிய வள்ளிக்கிழங்கையும் சேர்த்து, சூடான சோற்றின் மேல் கொட்டி, 'நெபநெப' என்று உணவுப் பட்டியலில் பெருமையாகப் போடுகிறார்கள். நமக்குக் குறை, அங்கே சுவை.

ஜப்பானியத்தில் முதல் ஒலியை அழுத்திவிட்டால் பொருளும் கனத்துவிடும். முறுகலாக வறுத்த பேக்கன் என்ற பன்றி இறைச்சித் துண்டு 'கரிகரி'. இதில் 'கடல்' என்பதன் 'க'. பல்லால் கரகரவென்று கடிக்கும் ஐஸ் 'கரிகரி'. இது 'கங்கை'யின் 'க'. 1981-லிருந்து ஒரு குச்சி ஐஸுக்கே அந்தப் பெயர்தான். காதுக்கு இரண்டும் வேறு, தமிழில் எழுதினால் ஒன்று. எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இரண்டாவது 'கரிகரி'யைப் பென்சிலால் அடித்து, 'ஒரே சொல் இருமுறை வந்துள்ளது' என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்.