வீட்டில் முதன்முறையாக மாம்பழ பேல் ஏல் (வெளிர் நிற பீர் வகை) காய்ச்சப் போகிறேன். பழத்தை எப்போது சேர்க்க வேண்டும்?

முதல் வாரம் கழித்துச் சேருங்கள். ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எப்போது பாட்டிலில் அடைப்பது என்பதை. நான் அதைக் கேட்காமல் விட்டுத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊரில் இருந்து படிப்பவர்கள் தயவுசெய்து செய்து பார்க்க வேண்டாம், தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டம் பாயும். நான் இருப்பது அமெரிக்காவில், ஓரிகனில். 1978-ல் அப்போதைய அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால், பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது. "பொம்பளை செய்யற வேலையா இது" என்று கிளம்பி வருபவர்களுக்கு: எங்கள் வீட்டில் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் நான்தான்.

நீங்களும் என்னை மாதிரி மால்ட் தூளில் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த சர்க்கரைத் தூள்) தொடங்குபவர் என்று வைத்துக்கொள்கிறேன். 5 கேலனுக்கு, அதாவது 19 லிட்டருக்கு, 6 பவுண்டு வெளிர் மால்ட் தூள். ஒரு மணி நேரம் கொதி. தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் கேஸ்கேட் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ), இறக்கும்போது இன்னொரு அவுன்ஸ். 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறவைத்து ஈஸ்ட். பழத்தைக் கொதியிலேயே போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், பழத்தை ஜாம் போல உறைய வைக்கும் பெக்டின் இளகி பீரும் கலங்கும். அதனால்தான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

இதெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன். இந்தியக் கடையில் 850 கிராம் மாம்பழக் கூழ் டின் இரண்டு வாங்கினேன். டின்னில் கிருஷ்ணகிரி என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம், சர்க்கரை சேர்த்தது என்று பக்கத்திலேயே இருந்ததைப் படிக்கவில்லை. கணவரின் பிறந்தநாள் நெருங்கியதால், கூழ் ஊற்றிய மூன்றாம் நாளே 48 பாட்டிலில் அடைத்துவிட்டேன். நுரைக்காக வழக்கமான 4 அவுன்ஸ் சர்க்கரையையும் தனியாகக் கலந்தேன். 4 அவுன்ஸ் என்பது 113 கிராம். டின்கள் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 300 கிராம் சர்க்கரை இருந்திருக்கும், அதில் பாதியையாவது ஈஸ்ட் அப்போது தொட்டிருக்காது. மூடிய பாட்டிலுக்குள் அது மொத்தமும் வாயுவானால் என்ன ஆகும்?

ஆறாம் நாள் நடுராத்திரி அலமாரிக்குள் முதல் பாட்டில் வெடித்தது. ஆறு மாத விசாவில் வந்திருந்த மாமியார் எழுந்து ஓடிவந்தார். அடுத்தடுத்து இன்னும் ஆறு. கதவுக்கடியில் மஞ்சளாக நுரை வழிந்தது. "ஏம்மா, மாம்பழ ஜூஸுன்னுதானே சொன்னே?" என்றார். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கனத்த கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் குளிரவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து சிங்க்கில் கொட்டினோம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், காலி செய்யும்போது அடுக்ககக்காரர்கள் அந்தக் கறைக்காக டெபாசிட்டில் 300 டாலர் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் குடிவரும்போதே நைந்து கிடந்த கார்ப்பெட் அது! படம் எடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எட்டு மாதம் கத்தியபோது காணாமல் போனவர்கள், கறையை மட்டும் அங்குலக் கணக்கில் அளந்து வைத்திருந்தார்கள். சரி, விடுங்கள்.

இரண்டாம் தடவை கூழ் ஊற்றி இரண்டு வாரம் விட்டேன். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டரில் (பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவை) பார்த்தேன், இரண்டு முறையும் 1.010. எண் இறங்காமல் நின்றால் ஈஸ்ட் தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் அடைத்தேன், ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் மாம்பழ ஜூஸ் மாதிரி இனிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், வாசம்தான் மிஞ்சும், கொட்டையைச் சப்பிவிட்டுக் கையைக் கழுவாமல் முகர்ந்தால் வருமே, அந்த மாதிரி. எனக்கு அது பிடிக்கும். கணவர் இன்னும் கடை பீர்தான் வாங்குகிறார்.