கேளுங்கள், பதில் தருகிறோம்: லண்டன் படிவமும் லாச்சிக்குள் இருக்கும் அடையாள அட்டையும்

கேள்வி: நானும் தம்பியும் நண்டு பதப்படுத்தும் சிறு தொழிற்சாலை நடத்துகிறோம். 26 பேர் வேலை செய்கிறார்கள், முக்கால்வாசி பெண்கள். எங்கள் சரக்கை லண்டனுக்கு அனுப்பும் ஏற்றுமதிக்காரர், 'நவீன அடிமைத்தனம்' என்று தலைப்புப் போட்ட எட்டுப் பக்கப் படிவத்தைத் தந்து பத்து நாளில் நிரப்பிக் கேட்கிறார். நாங்கள் யாரையும் சங்கிலியால் கட்டி வைத்திருக்கவில்லை. "எல்லாத்துக்கும் இல்லை எண்டு போட்டு அனுப்பு" என்கிறார் நண்பர். அனுப்பலாமா? (அச்சுவேலி வாசகர்)

பதில்: அனுப்ப வேண்டாம். கோபம் வருவது நியாயம்தான், யாருக்கும் அந்தச் சொல் சுடும். ஆனால் படிவம் உங்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. பிரித்தானியாவில் 2015 இல் வந்த சட்டப்படி, வருட விற்பனை 3 கோடி 60 லட்சம் பவுணும் அதற்கு மேலும் உள்ள கம்பனிகள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குப் பொருள் வந்து சேரும் வழியெங்கும் அடிமை வேலை நடக்காமலிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அவுஸ்திரேலியாவும் 2018 இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டம் அவர்களைப் பிடிக்கிறது, அவர்கள் ஏற்றுமதிக்காரரைப் பிடிக்கிறார்கள், அவர் உங்களைப் பிடிக்கிறார். (ஒரு வேடிக்கை: 'நாங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதி வெளியிட்டாலும் பிரித்தானியச் சட்டத்துக்கு அது அறிக்கைதான். அங்கேயும் எல்லாரும் யோக்கியர்கள் இல்லை.)

சங்கிலியை விடுங்கள். எங்கள் நாட்டில் அடிமை வேலை பெரும்பாலும் கொப்பியில்தான் இருந்தது. மலையகத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய காகிதம் அது, அந்தக் கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொண்டால் ஒழிய ஆள் நகர முடியாது. 1921 இல் அதை ஒழித்தார்கள். காகிதம்தான் ஒழிந்தது.

சில வருடங்களுக்கு முன் கரையோர ஊர் ஒன்றில் ஒரு மீன் வாடிக்குப் போயிருந்தேன். மேசையில் நீல மட்டைக் கொப்பி. ஒரு பெடியனின் பெயருக்குக் கீழே அரிசி, மண்ணெண்ணெய், தாயின் ஆஸ்பத்திரிச் செலவு, வலை, திரும்பவும் அரிசி. மூன்று வருடக் கணக்கு, கூட்டுத்தொகை ஒரு பக்கத்திலாவது குறையவில்லை. "வேற வள்ளத்துக்குப் போகலாமே?" என்று கேட்டேன். "கடன் முடியாமல் எங்கை அண்ணை போறது?" என்று சிரித்தான். அவனை யாரும் அடிக்கவில்லை, முதலாளி நல்லாகத்தான் கதைத்தார்.

அதனால் படிவத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இவர் நாளைக்குக் காலையில் வேலையை விட்டுப் போக நினைத்தால் எது தடுக்கும்? முற்பணமா? உங்கள் லாச்சிக்குள் 'பாதுகாப்பாக' இருக்கும் அடையாள அட்டையா? பிடித்து வைத்த போன மாதச் சம்பளமா? சர்வதேசத் தொழில் அமைப்பு கட்டாய வேலைக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் இந்த மூன்றும் இருக்கின்றன. அட்டைகளை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், பிரதி போதும். முற்பணத்துக்கு வட்டி வேண்டாம், எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று எழுதி ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள், வேலையை விட்டாலும் தவணையில் கட்டலாம் என்று அதிலேயே போடுங்கள். கொந்தராத்துக்காரர் மூலம் ஆட்கள் வந்தால் அவர் அவர்களிடம் கொமிஷன் வெட்டுகிறாரா என்று அவரிடம் கேட்காதீர்கள், தேநீர் நேரத்தில் அந்தப் பெண்களிடமே கேளுங்கள். நீங்கள் கேட்டால் சொல்லமாட்டார்கள் என்றால் வீட்டுப் பெண் ஒருவரை அனுப்புங்கள். அப்புறம் நண்டு எந்த வள்ளத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள், படிவத்தில் 'வழங்குநர்' என்று இருப்பது அந்த நீலக் கொப்பிதான்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர்களுடையது 8, நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3. இது ஒழுங்காகப் போனால் படிவத்தில் பாதி தானே நிரம்பும். குறை இருந்தால் குறையை எழுதி, எப்போது திருத்துவோம் என்று திகதி போடுங்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்ட படிவத்தைத்தான், விஷயம் தெரிந்த ஆள் முதலில் சந்தேகிப்பார். அதோடு நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: இரவு பத்து மணிக்கு ஓடர் போட்டு விடியச் சரக்குக் கேட்பவர், மேலதிக நேரத்துக்கான காசை விலையில் சேர்ப்பாரா?

கேள்வி: மகன் மலேசியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். முகவர் ஏழு லட்சம் கேட்கிறார். இதுவும் அடிமைத்தனமா? (கொடிகாமம் வாசகி)

பதில்: காசு கேட்டதாலேயே அப்படிச் சொல்ல முடியாது அம்மா, ஆனால் வாசல் அதுதான். மலேசியாவின் டொப் குளோவ் என்ற கையுறைக் கம்பனியின் இரண்டு கிளைக் கம்பனிகளுடைய பொருட்களை, கட்டாய வேலை நடக்கிறது என்று சொல்லி 2020 யூலையில் அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. அங்கு வேலை செய்த பங்களாதேஷ், நேபாளத் தொழிலாளர் பலர் முகவருக்குக் கட்டிய கடனோடு போனவர்கள். பிறகு கம்பனி அந்தக் காசைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுத்தது, 2021 இல் தடை நீங்கியது. வேலைக்கு ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது என்பதுதான் இப்போது பெரிய கம்பனிகள் ஒப்புக்கொண்ட நியாயம். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். வட்டிக்கு வாங்கி மட்டும் கட்டாதீர்கள்.

கேள்வி: 15 வயதுப் பெடியனைக் கடையில் வைத்திருக்கலாமா? (சுன்னாகம் வாசகர்)

பதில்: இல்லை. 2021 இலிருந்து 16.

கேள்வி: புடைவைக் கடையில் நிற்கிறேன், தங்குவதும் முதலாளியின் இடத்தில். 80,000 கடன் இருக்கிறது. அடையாள அட்டை அவரிடம். கடன் முடியாமல் விலகினால் பொலிசில் கொடுப்பேன் என்கிறார். (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: தங்கச்சி, கடன் வேறு, வேலை வேறு. கடனைக் கேட்டு அவர் நீதிமன்றம் போகலாம், அதற்காக உங்களை வேலையில் பிடித்து வைக்க முடியாது. கடனைக் காட்டிக் கட்டாயமாக வேலை வாங்குவது 2006 இலிருந்து எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம், பிரிவு 358அ. பொலிஸ் என்று சொல்லிப் பயப்படுத்துபவர் அந்தப் பக்கத்தையும் வாசிக்கட்டும். கடை ஊழியருக்குச் சாதாரண வேலை நேரம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்ற நேரத்தைக் கணக்குப் போட்டால் 80,000 இல் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்கு நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். போகுமுன் கடன் எழுதிய பக்கத்தைப் படம் எடுங்கள். உங்கள் போனையும் முதலாளி வாங்கி வைத்திருந்தால், எந்தத் திகதியில் எவ்வளவு என்று நினைவில் உள்ளதை எழுதி, கடைக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.