ஓட்டிப் பார்த்த காரை வாங்கியே ஆகவேண்டுமா?

கேள்வி: பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார், 2014 மாடல், விலைக்கு இருப்பதாக ஒரு கார் சேலின் விளம்பரம் பார்த்து வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். "பெட்டரி 85 வீதம் நல்லா இருக்கு" என்று எழுதி அனுப்பினார்கள். ஓட்டிப் பார்ப்பதற்கே ஒரு இலட்சம் ரூபா அட்வான்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். ஆங்கிலப் படிவம் ஒன்றிலும் கையெழுத்து வாங்கினார்கள். கல்கிசை வரை போய் வந்ததிலேயே சார்ஜ் 78இலிருந்து 62க்கு இறங்கிவிட்டது. திரும்பி வந்து, அவர்களுடைய ஆள் கைகாட்டக் கைகாட்டப் பின்னுக்கு எடுத்தபோது பம்பர் மதிலில் உரசிவிட்டது. இப்போது "காரை எடுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸ் பம்பருக்குச் சரி" என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்தக் காரை நீங்கள் வாங்கத் தேவையில்லை. பம்பர் ஒரு விஷயம், அட்வான்ஸ் வேறு விஷயம். இரண்டையும் முடிச்சுப் போட்டு உங்களைப் பயமுறுத்துகிறார்கள்.

பம்பரை முதலில் பார்ப்போம். இலங்கையில் இதற்கு ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் ரோமன் டச்சுச் சட்டம். உங்கள் கவனக்குறைவால்தான் சேதம் வந்தது என்பதை அவர்கள் நிரூபிக்க வேண்டும். அவர்களுடைய ஆளே பின்னால் நின்று "வாங்க, வாங்க" என்று கைகாட்டியிருந்தால் பிழையில் அவருக்கும் பங்கிருக்கிறது. அப்படி இரு பக்கமும் பிழை இருக்கும்போது நட்டஈட்டைப் பங்குபோட 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. கராஜ் மதிப்பீடும் உரசலின் படங்களும் கேளுங்கள். காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதா, கிளெய்ம் போட்டார்களா என்றும் கேளுங்கள். உங்களிடம் செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் இருந்து, அவர்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினீர்கள் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது படிவம். வாசிக்காமல் வைத்த கையெழுத்தும் கையெழுத்துத்தான், "ஆங்கிலம் விளங்கவில்லை" என்பது நீதிமன்றத்தில் இலகுவில் எடுபடாது. ஆனாலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. வியாபாரி தன் பொறுப்பையெல்லாம் வாடிக்கையாளர் தலையில் கட்டும் நிபந்தனையை, நியாயமானதுதானா என்று அதன்கீழ் கேள்விக்குட்படுத்தலாம். படிவத்தின் பிரதி உங்களிடம் இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

இனி பெட்டரி. உங்கள் பிரச்சினையின் உயிர்நாடி இதுதான்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், அந்த வகைப் பொருளை விற்கும் வியாபாரி விற்றால் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதிலேயே ஒரு வாசகம் வாங்குபவருக்கு எதிராகத் திரும்பும்: பொருளை நீங்களே பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குத் தரம் சரியில்லை என்று பிறகு முறையிட முடியாது. டெஸ்ட் டிரைவ் உங்களுக்குச் சாட்சி, விற்பவருக்கும் சாட்சி. லீஃபில் மீட்டரின் வலப்பக்கம் சார்ஜ் அளவையை ஒட்டிச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், புதிதில் 12. பெட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய 15 வீதத்தை இழக்கும்போது முதல் கோடு விழும். எட்டுக் கோடுதான் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினீர்கள் என்றால் "தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது.

மறுபக்கமும் உண்டு. கருவி போட்டு அந்தக் கோடுகளை நிரம்பக் காட்டவைக்கவும் முடியும், கொஞ்ச நாள் ஓடிய பிறகுதான் உண்மை நிலைக்கு இறங்கும். அப்படி மறைத்த குறை சாதாரண ஓட்டத்தில் தெரியாது, சட்டமும் அதை உங்கள் தலையில் சுமத்தாது. அதனால் லீஃப் வாங்க நினைக்கும் யாருக்கும் சொல்கிறேன்: காரின் கணினியிலிருந்து விவரம் வாசிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, ஃபோனில் லீஃப் ஸ்பை செயலியில் பெட்டரி ஆரோக்கிய வீதத்தைப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். அந்தக் காலத்து லீஃபின் பெட்டரிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது. கொழும்பு வெயிலில் வருடக்கணக்காக நின்ற வண்டியை ஆண்டைப் பார்த்து மட்டும் மதிப்பிட முடியாது.

உங்கள் கையில் வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது, அதை அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இத்தகைய பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. 85 வீதம் என்று சொன்னது பொய்யானால், அதை நம்பிக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் (2003, இலக்கம் 9) 30ஆம், 31ஆம் பிரிவுகளும் வியாபாரி தவறாக வழிநடத்துவதையும் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதையும் தடைசெய்கின்றன. ஆனால் சந்தேகம் வந்த பிறகும் மிச்சப் பணத்தைக் கட்டிக் காரை எடுத்தால், "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற உங்கள் வாதம் பாதி செத்துவிடும். அதனால்தான் அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்கிறேன்.

அட்வான்ஸைப் பம்பருக்குக் கழிப்பது பற்றி: தொகை நிச்சயமாகாத, நீங்கள் ஒப்புக்கொள்ளாத நட்டஈட்டை, கையிலிருக்கும் உங்கள் பணத்தில் தாங்களாகவே கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. அட்வான்ஸுக்குத் தந்த பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காரை ஒதுக்கி வைக்கத் தந்த பணமா, விலையில் ஒரு பகுதியா என்பதை அவர்கள் தங்களுக்கு ஏற்றபடி திரித்துச் சொல்வார்கள். ஓட்டிப் பார்க்கவே அந்தப் பணம் கேட்டார்கள் என்பதைக் காட்டும் செய்தி எதுவும் இருந்தால் அதையும் சேமித்து வையுங்கள்.

இப்போது செய்யவேண்டியது: பதிவுத் தபாலில் ஒரு கடிதம். 85 வீதம் என்று சொன்னது, சார்ஜ் இறங்கியது, கார் வேண்டாம் என்பது, அட்வான்ஸை 14 நாளில் திருப்ப வேண்டும் என்பது. பம்பரைப் பற்றி, "மதிப்பீட்டையும் காப்புறுதி விவரத்தையும் அனுப்புங்கள், பிறகு பேசலாம்" என்று மட்டும் எழுதுங்கள், பிழையை ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்லும் வேண்டாம். பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். வழக்கு என்று வந்தால், தொகையைப் பொறுத்து நீதிமன்றத்துக்கு முன் இரு தரப்பையும் வைத்து இணக்கம் பேசும் மத்தியஸ்த சபைக்கு முதலில் போகவேண்டி வரலாம். அங்கே போகும்போது கடிதப் பிரதி, தபால் ரசீது, வாட்ஸ்அப் படங்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.