சிக்னலே இல்லாத இடத்தில் தகவல் சேகரிக்க எந்தத் திறந்த மூலச் செயலி நல்லது?

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும், சிக்னல் கிடையாது, மின்சாரத்தையும் நம்ப முடியாது, மென்பொருளுக்குக் கட்டணம் கட்டவும் வழியில்லை என்கிறீர்கள். என் பதில் ஓடிகே கலெக்ட் என்ற ஆண்ட்ராய்டு செயலி. 2008-இல் தொடங்கி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த திட்டம் இது. நிவாரண அமைப்புகள் பரவலாகக் கையாளும் தகவல் சேகரிப்புத் தளமான கோபோ டூல்பாக்ஸின் ஆண்ட்ராய்டு செயலியும் இதே நிரலிலிருந்து பிறந்ததுதான். இரண்டுக்கும் படிவத்தை எக்செல் தாளில், எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்ற ஒரே முறையில் எழுதுகிறோம். அதனால் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறினாலும் உழைப்பு பெரும்பாலும் வீணாகாது.

'இணையம் இல்லாமலும் இயங்கும்' என்று எல்லாச் செயலிகளும் சொல்லிக்கொள்கின்றன. நான் பார்ப்பது வேறு: சேமித்த நொடியிலிருந்து சர்வரைச் சேரும்வரை அந்தப் பதிவு எங்கே இருக்கிறது, அதுவரை அதற்கு யார் காவல்? ஓடிகே கலெக்டில் ஒவ்வொரு பதிவும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக, அதன் படங்களோடு, போனிலேயே இருக்கும். இணையமே கிடைக்காவிட்டாலும் கேபிள் வழியாகக் கணினிக்கு நகலெடுத்து வைக்கலாம். ஆனால் அனுப்பாத பதிவுகள் இருக்கும்போது யாராவது செயலியை நீக்கினால் அவையும் சேர்ந்தே அழிந்துவிடும். பயிற்சி நாளில் களப்பணியாளர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது படங்கள். பலவீனமான இணைப்பில் பதிவுகள் தேங்கி நிற்பதற்குப் பெரும்பாலும் படங்களே காரணம். எக்செல் தாளில் படக் கேள்விக்கு எதிரே 'மேக்ஸ்-பிக்சல்ஸ்' அளவை 1024 என்று கொடுத்துவிட்டால், செயலியே படத்தைச் சுருக்கிவிடும். கிணற்றின் நிலையையோ கூரையின் விரிசலையோ பார்த்துப் புரிந்துகொள்ள அது போதும். ஒரே ஒரு வரிதான், ஆனால் நாள் முழுக்க எடுத்த பதிவுகள் அன்று மாலையே சர்வரைச் சேருமா என்பதை அது தீர்மானிக்கிறது.

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. ஆனால் இணையம் இல்லாதபோது, செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைப் போன் அவற்றிடமிருந்தே மெதுவாகப் பெற வேண்டியிருக்கிறது. எனவே முதல் முறை திறந்த வெளியில் சற்றுப் பொறுமையாக நிற்க வேண்டும். துல்லியம் 5 மீட்டருக்குள் வந்ததும் செயலி இடத்தைத் தானாகப் பதிந்துகொள்ளும். அடர்ந்த மரங்களுக்கு நடுவே அந்த அளவு எளிதில் வராது. அங்கே படிவத்திலேயே வரம்பை 10 மீட்டராகத் தளர்த்துவது நல்லது. சிக்னல் தேடித் தேடியே போன் பேட்டரியைத் தின்றுவிடும் என்பதால் விமானப் பயன்முறையில் வைத்திருங்கள். பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

வயல் எல்லை, ஓடைக்கரை என்று வரைபடமே முக்கியமானால் க்யூஃபீல்டு என்ற வரைபடச் செயலியைப் பாருங்கள். கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தயாரித்த திட்டத்தை அப்படியே போனில் திறக்கும்.

நோய், வன்முறை, நிலத்தகராறு போன்றவற்றைப் பற்றிக் கேட்கப் போகிறீர்களா? அப்படியானால், சாவி இல்லாமல் பதிவைப் படிக்க முடியாதபடி மாற்றும் படிவக் குறியாக்கத்தைத் தவிர்க்கவே கூடாது. பதிலளித்தவர் நம்பிச் சொன்னதை, போன் தொலைந்தால் எடுத்தவர் படித்துவிடக் கூடாது. குறியாக்கம் செய்தால், முடித்த பதிவைப் போனில் மறுபடி திறக்க முடியாது. திறக்கும் சாவியோ கடவுச்சொல்லோ தொலைந்தால் நீங்களும் படிக்க முடியாது. அதை இரண்டு இடங்களில், இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள்.

சர்வர் நடத்தத் தெரிந்த ஒருவர் இருந்தால், பதிவுகளைப் பெற்றுச் சேமிக்கும் சர்வர் மென்பொருளான ஓடிகே சென்ட்ரலைச் சொந்தமாக நிறுவுங்கள். இல்லையென்றால் கோபோவின் சர்வரில் கணக்குத் தொடங்குவதே மேல்.